அணி மாறிய பையன் தேறுவானா?

2023 ஜூலை 10. திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடரின் இரண்டாவது தகுதிச் சுற்று ஆட்டம். திண்டுக்கல் டிராகன்ஸ் வைத்த இலக்கு 186. நெல்லை ராயல் கிங்ஸுக்குக் கடைசி 2 ஓவரில் 37 ரன் தேவைப்பட்டது. பத்தொன்பதாவது ஓவரிலேயே 33 ரன் வந்துவிட்டது. அஜிதேஷ் குருசாமியும் ரித்திக் ஈஸ்வரனும் ஒரு பந்தைக்கூடச் சும்மா விடவில்லை. சொந்த ஊர் அணி இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. மைதானமே எழுந்து நின்றது.

அந்த ஓவரை வீசிய இளைஞரின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் அவருடைய கணக்கைப் பார்க்க வேண்டும். டி.என்.பி.எல்.லில் 8 அணிகள். லீக் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 7 ஆட்டம். ஒரு பந்துவீச்சாளர் எல்லா ஆட்டத்திலும் முழு 4 ஓவர் வீசினாலும் மொத்தம் 28 ஓவர், அதாவது 168 பந்துகள். ஓவருக்கு 7 ரன் வீதம் சிக்கனமாக வீசி வந்த பையன், ஒரே ஒரு ஓவரில் 33 ரன் கொடுத்தால், சீசன் முடிவில் அவன் எகானமி ஏறக்குறைய 8 என்று ஆகிவிடும். ஏலத்தில் முன்வரிசையில் இருந்து பின்வரிசைக்குப் போக அந்த வித்தியாசம் போதும். மற்ற 27 ஓவரில் அவன் என்ன செய்தான் என்பதைத் தேடிப் பார்க்கிறவர்கள் குறைவு.

"ஏல, இவன் கைல போயி ஏன் பந்தக் குடுத்தாவ?" என்று கேட்பது ரசிகரின் உரிமை. கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பையனை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வதா, விடுவதா, வேறு அணிக்கு மாற்றுவதா என்று முடிவெடுப்பவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இருபது வயதில் இருக்கும் ஒருவன் இருபத்தைந்து வயதில் என்ன ஆவான் என்பதை அவர்கள் சொல்லியாக வேண்டும். விளையாட்டு உலகில் இதைவிடக் கடினமான கணிப்பு அதிகம் இல்லை. அந்தப் பையன் அணி மாறியவன் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. பழைய அணி ஏன் விட்டது, புது அணி ஏன் எடுத்தது என்ற இரண்டு கேள்விகள் கூடவே வருகின்றன.

இந்தக் கேள்விகளைத் திருநெல்வேலியில் இருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தாழையூத்தை ஒட்டிய சங்கர் நகரில்தான் 1949-ல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையைத் தொடங்கியது. அதே நிறுவனம்தான் 2008-ல் ஐ.பி.எல். பிறந்தபோது சென்னை அணியை ஏலத்தில் வாங்கியது. 2024 டிசம்பரில் நிறுவனம் அல்ட்ராடெக் வசம் போனது. ஆலைக் குடியிருப்பின் மைதானத்தில் 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியது முதல் ஆட்டங்கள் நடந்துவருகின்றன. நெல்லை ராயல் கிங்ஸ் அணியே இடம் மாறி வந்த அணிதான். முதலில் திருவள்ளூர் பெயரில் ஆடியது, பிறகு காஞ்சி, அதற்குப் பிறகுதான் நெல்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுத்த பிறகு வயல்கள் காயும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் கோடை விடுமுறையில் அந்த வயல்களில் டென்னிஸ் பந்து டோர்னமெண்டுகள் நடக்கும். பாளையங்கோட்டையில் கல்லூரி மைதானங்களும் வ.உ.சி. மைதானமும் இருக்கின்றன. இங்கிருந்து கிளம்பும் பையனுக்கு மாவட்ட அணி, சென்னை லீக், டி.என்.பி.எல்., ஐ.பி.எல். என்று ஏணி கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு படியிலும் அவன் கைமாறுகிறான். எந்தக் கையில் வளர்வான், எந்தக் கையில் வாடுவான் என்பதுதான் கேள்வி.

ஐ.பி.எல்.லில் வீரர் அணி மாற இரண்டு வழி. ஒன்று, பழைய அணி விடுவித்து, ஏலத்தில் புது அணி எடுப்பது. மற்றொன்று 'டிரேட்': இரண்டு அணிகள் நேரடியாகப் பேசி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது, அல்லது பணம் கொடுத்து வாங்கிக்கொள்வது. இதற்கு வீரரின் சம்மதம் வேண்டும். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்ததும், பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனதும் இப்படித்தான். பெரிய பெயர்களின் டிரேட் பற்றித் தேநீர்க் கடை வரை விவாதம் நடந்தது. அதே வாரத்தில் 30 லட்ச ரூபாய்க்கு ஒரு லெக் ஸ்பின்னர் கொல்கத்தாவிலிருந்து மும்பைக்கு மாறினார். அவரைப் பற்றி அதிகம் யாரும் பேசவில்லை. இளம் பந்துவீச்சாளரின் எதிர்காலம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அவர் கதையில் இருக்கிறது.

அந்த லெக் ஸ்பின்னர் மயங்க் மார்க்கண்டே, பஞ்சாபின் பட்டிண்டாவைச் சேர்ந்தவர். 2018 ஏலத்தில் மும்பை அவரை 20 லட்சத்துக்கு எடுத்தபோது வயது 20. ஏப்ரல் 7 அன்று சென்னைக்கு எதிரான தொடக்க ஆட்டத்தில் அறிமுகம். அம்பதி ராயுடு, தோனி உட்பட 3 விக்கெட். அவருடைய கூக்ளியைத் தோனியாலேயே படிக்க முடியவில்லை என்று மறுநாள் நாடே பேசியது. அந்த சீசனில் 14 ஆட்டத்தில் 15 விக்கெட். 2019 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியத் தொப்பியும் கிடைத்தது.

அத்தோடு வாசல் மூடியது. 2019 ஐ.பி.எல்.லில் மும்பை அவருக்குக் கொடுத்தது 3 ஆட்டம். முந்தைய ஆண்டு முழுக்க வெளியே உட்கார்ந்திருந்த ராகுல் சஹர் அந்த இடத்தைப் பிடித்து 13 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் மும்பை மார்க்கண்டேவை டெல்லிக்குக் கொடுத்து, மேற்கிந்தியத் தீவுகளின் ஷெர்ஃபேன் ரூதர்ஃபோர்டை வாங்கிக்கொண்டது. டெல்லிக்காக ஒரு பந்துகூட வீசாத நிலையில், நவம்பரில் அடுத்த டிரேட். அஜிங்க்ய ரஹானே டெல்லிக்கு வர, மார்க்கண்டேவும் ராகுல் தெவாட்டியாவும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். சில மாத இடைவெளியில் மூன்று அணிகள்.

அந்த நாளில் ஒரு கிரிக்கெட் அறிஞரிடம், இந்த இரண்டு பேரில் ராஜஸ்தானுக்கு யார் பெரிய லாபம் என்று கேட்டிருந்தால், இந்தியாவுக்கு ஆடிய மார்க்கண்டேவைத்தான் காட்டியிருப்பார். நடந்தது வேறு. 2020 செப்டம்பர் 27 அன்று ஷார்ஜாவில் தெவாட்டியா ஷெல்டன் காட்ரெலின் ஒரே ஓவரில் 5 சிக்ஸர் அடித்தார். மார்க்கண்டே பெஞ்சில் இருந்தார்.

அவருக்குத் திறமை வற்றிவிட்டதா? 2023-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 50 லட்சத்துக்கு எடுத்து, நடு ஓவர்களைத் தொடர்ந்து அவர் கையில் கொடுத்தது. பஞ்சாபுக்கு எதிராக 15 ரன்னுக்கு 4 விக்கெட். அந்த சீசனில் 10 ஆட்டத்தில் 12 விக்கெட். ஐந்து ஆண்டுக்கு முன் மும்பையில் பார்த்த அதே பந்துவீச்சாளர்தான். கிடைத்த ஓவர்கள்தான் வேறு. இன்று அவர் மறுபடி மும்பையில் இருக்கிறார். 2019-ல் அவருக்குப் பதிலாக வாங்கப்பட்ட ரூதர்ஃபோர்டும் 2025 நவம்பரில் குஜராத்திலிருந்து டிரேட் மூலம் அதே மும்பைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஒருவருக்கு ஒருவர் விலையாக வைக்கப்பட்டவர்கள் ஆறு ஆண்டு கழித்து ஒரே உடைமாற்றும் அறையில்.

டிரேட் செய்தி வந்தவுடன் பத்திரிகைகள் கேட்கும் முதல் கேள்வி "யாருக்கு லாபம்?" என்பது. ரசிகர் கேட்பது "எத்தனை கோடி?" என்பது. இரண்டுமே இளம் பந்துவீச்சாளர் விஷயத்தில் பயனற்ற கேள்விகள். அவன் எதிர்காலத்தைக் கணிக்க முதலில் கேட்க வேண்டியது வேறு: புது அணியில் எந்த ஓவர்கள் அவனுக்கு? அந்த ஓவர்களை ஏற்கெனவே வைத்திருப்பவர் யார்? கேப்டன் அவன் ஒரு நாள் அடிவாங்கினால் மறுநாளும் பந்தைக் கொடுப்பாரா?

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். இருவரையும் முதலில் எடுத்தது பஞ்சாப். முதலில் விட்டதும் பஞ்சாப்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுக் கூலி வேலை செய்த குடும்பத்தின் பிள்ளை தங்கராசு நடராஜன். டென்னிஸ் பந்தில் வளர்ந்த கை. சென்னை லீக்கில் நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடியவர், பிறகு விஜய் கிரிக்கெட் கிளப் என்று ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பைக்கு வந்தார். வந்த வேகத்தில் ஆக்‌ஷன் சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. கையை முழுவதும் திருத்திக்கொண்டு திரும்பி வர ஒரு வருடம் ஆனது. 2016 டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல் அணிக்காக சூப்பர் ஓவரில் யார்க்கர் மேல் யார்க்கராக அவர் போட்டதைப் பார்த்துத்தான், 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. 6 ஆட்டம், 2 விக்கெட். ஓராண்டில் விட்டுவிட்டார்கள்.

2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018-ல் ஓர் ஆட்டமும் இல்லை. 2019-லும் இல்லை. இரண்டு வருடம் வலைப்பயிற்சியில் மட்டும் வீசிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி அப்போது யார் எழுதியிருந்தாலும் "முடிந்த கதை" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த அணி அவரை வெளியே விடவில்லை. பந்துவீச்சுப் பயிற்சியாளராக முத்தையா முரளிதரன் இருந்தார். கடைசி ஓவர்களுக்கு யார்க்கர் போடும் ஆள் என்று அவருக்கு ஒரு வேலை குறிக்கப்பட்டிருந்தது. 2020-ல் அந்த வேலை கைக்கு வந்தபோது, சீசன் முழுக்க வேறு எவரையும்விட அதிக யார்க்கர் போட்டு 16 விக்கெட் எடுத்தார். அபுதாபியில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த பந்து அதில் ஒன்று. அடுத்த சில வாரங்களில் ஆஸ்திரேலியா. டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் போட்டி, 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். வலைப் பந்துவீச்சாளராக விமானம் ஏறியவர் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

அதே நடராஜனின் பின்கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். 2024-ல் ஹைதராபாத்துக்காக 19 விக்கெட் எடுத்தார். அடுத்த ஏலத்தில் டெல்லி 10.75 கோடி கொடுத்தது. 2025 சீசனில் டெல்லி அவரை ஆடவைத்தது 2 ஆட்டம். 40 லட்சம் விலை இருந்தபோது வளர்ந்தார். 10 கோடிக்கு மேல் விலை போனபோது உட்கார்ந்திருந்தார். விலை என்பது ஏல மேசையில் அன்று எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பதற்கான கணக்கு. எத்தனை ஓவர் கிடைக்கும் என்று அது சொல்வதில்லை.

வருண் சக்கரவர்த்தியின் கதை இன்னும் விசித்திரம். கட்டடக்கலை படித்தவர், விக்கெட் கீப்பராகத் தொடங்கி, வேகப்பந்து வீசி, காயம் பட்டு, அதற்குப் பிறகு சுழலுக்கு வந்தவர். 2018-ல் மதுரை பேந்தர்ஸ் டி.என்.பி.எல். கோப்பையை வென்றபோது ஓவருக்கு 5 ரன்னுக்கும் குறைவாகவே கொடுத்து வந்தார். விஜய் ஹசாரே தொடரில் தமிழ்நாட்டுக்காக 22 விக்கெட். அடிப்படை விலை 20 லட்சத்தில் தொடங்கி, பஞ்சாப் அவருக்கு 8.4 கோடி கொடுத்தது. 2019 மார்ச்சில் ஈடன் கார்டனில் முதல் ஆட்டம், முதல் ஓவர்: 25 ரன். பிறகு விரல் காயம். அந்த சீசனில் மறு ஆட்டம் இல்லை. சீசன் முடிந்ததும் பஞ்சாப் கைகழுவியது.

பஞ்சாபின் முடிவு முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. 8.4 கோடிக்கு ஓர் ஆட்டம், காயம்பட்ட விரல், 28 வயது. கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் விட்டதில் தவறு காண முடியாது. கொல்கத்தா பார்த்த இடம்தான் வேறு. முதல் ஓவரில் அவரை அடித்து நொறுக்கிய எதிரணி கொல்கத்தாதான். அடித்தவர் சுனில் நரைன். அதே கொல்கத்தா 2020-ல் 4 கோடி கொடுத்து அவரை எடுத்து, அதே நரைனுக்குத் துணையாக நிறுத்தியது. அந்த சீசனில் 17 விக்கெட், அடுத்ததில் 18, கோப்பையை வென்ற 2024-ல் 21. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் 3 ஆட்டத்தில் 9 விக்கெட். அந்த ஆண்டு செப்டம்பரில் டி20 தரவரிசையில் உலகின் முதல் பந்துவீச்சாளர்.

வருணின் பந்தில் 2019-க்கும் 2020-க்கும் நடுவில் ஏதோ புது வித்தை சேர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மர்மச் சுழலை எப்படிப் பயன்படுத்துவது, எந்த ஓவரில் கொண்டுவருவது, அடிவாங்கினால் எப்படிக் காப்பது என்று நரைனை வைத்துப் பல ஆண்டுகள் பழகிய அணி அவருக்குக் கிடைத்தது. அவருடைய அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லலாம். அதைவிட, அந்த அணிக்குத் தன் தேவை என்னவென்று தெரிந்திருந்தது என்பதுதான் சரி.

இந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு தமிழ்நாட்டுப் பெயர்களைச் சேர்க்கலாம். சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் சென்னை அணியில் ஓர் ஆட்டம்கூட இல்லாமல் இருந்தார்; குஜராத் போய் 2025-ல் 19 விக்கெட் எடுத்தார். எம். சித்தார்த் கொல்கத்தா, டெல்லி இரண்டிலும் ஆடாமல் இருந்துவிட்டு, 2024-ல் லக்னோ அணிக்காகக் களம் கண்டு விராட் கோலியை வெளியேற்றினார்.

இளம் பந்துவீச்சாளரைக் கைமாற்றும் கலையில் நம்மைவிட நூறாண்டு மூத்தவர்கள் அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள். அங்கே பந்தெறிபவருக்கு 'பிட்சர்' என்று பெயர். பெரிய அணிகளுக்குக் கீழே பல படிகளில் சிறிய லீக்குகள் இருக்கின்றன. பத்தொன்பது, இருபது வயது பிட்சர்கள் அங்கே வளர்க்கப்படுகிறார்கள். கோப்பைக்குப் போட்டியிடும் அணி, இன்றைக்கு உதவும் அனுபவசாலியை வாங்க, நாளைக்கு உதவக்கூடிய அந்தப் பையன்களைக் கொடுக்கும். பையனிடம் சம்மதம் கேட்பதில்லை. காலையில் எழுந்தால் ஊர் மாறியிருக்கும்.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி, டாயில் அலெக்சாண்டர் என்ற மூத்த பிட்சரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கியது. அவர் மீதி சீசனில் 9 வெற்றி பெற்றுத் தந்தார். ஒரு தோல்விகூட இல்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அன்றைக்கு அது மிகச் சிறந்த டிரேட். பதிலுக்குக் கொடுத்த 20 வயதுப் பையன் சிறிய லீக்கில் 4 வெற்றி, 10 தோல்வி என்ற கணக்கோடு திணறிக்கொண்டிருந்தான். பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவில் அவன் 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்றான்.

1993 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் அணி பெட்ரோ மார்டினெஸ் என்ற ஒல்லிப் பையனை மாண்ட்ரியலுக்குக் கொடுத்தது. அந்த உடம்பு நீண்ட நேரம் எறியத் தாங்காது என்பது அவர்கள் கணிப்பு. 1989-ல் அதே மாண்ட்ரியல், ராண்டி ஜான்சன் என்ற நெட்டையரை சியாட்டிலுக்குக் கொடுத்திருந்தது. எறியும் வேகம் பயங்கரம். குறி மட்டும் எங்கே போகும் என்று தெரியாது. ஸ்மோல்ட்ஸ், மார்டினெஸ், ஜான்சன் மூவரும் 2015-ல் ஒரே நாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். மூவரையும் இளமையில் ஏதோ ஓர் அணி வேண்டாம் என்று கொடுத்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, அணி விட்டுக்கொடுத்த ஒவ்வொரு பையனும் ஒரு ஸ்மோல்ட்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது. கைமாறிய இளம் பிட்சர்களில் பெரும்பாலோர் பெரிய லீக்கில் நிலைத்ததே இல்லை. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாததால் வெற்றி பெற்றவர்கள் மட்டும் கண்ணில் படுகிறார்கள். நிலைக்காமல் போனவர்களுக்கு, இந்தியாவிலிருந்து போன இருவரையே எடுத்துக்கொள்ளலாம். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். 2008-ல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தேர்வாகி, அமெரிக்கா சென்று, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தமானார்கள். அமெரிக்க அணியோடு தொழில்முறை பேஸ்பால் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்கள். தினேஷ் 2010-ல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சில ஆண்டுகள் சிறிய லீக்குகளில் எறிந்தார்; கைக் காயங்கள் விடவில்லை; பிறகு மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்.

கைக் காயம். பந்தெறிபவரைப் பற்றிய எந்தக் கணிப்பையும் கவிழ்க்கக்கூடியது அதுதான். பேஸ்பாலில் முழங்கைத் தசைநார் கிழிவது அவ்வளவு சாதாரணம். அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு, 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் சரிசெய்த பிட்சர் டாமி ஜானின் பெயரே நிலைத்துவிட்டது. ஸ்மோல்ட்ஸும் 2000-ல் அதே சிகிச்சைக்குப் போனவர்தான். கிரிக்கெட்டில் சோதனை முதுகுக்கு. வேகப்பந்து வீசும்போது முன்கால் தரையில் பதியும் நொடியில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை கீழிருந்து மேலே ஏறுகிறது. இடுப்பு ஒரு பக்கம் வளைந்து திரும்புகிறது. எலும்பு முழுதாக முற்றாத பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கீழ் முதுகு எலும்பில் மெல்லிய விரிசல் விழ இதுவே காரணம். ஓய்வில்லாமல் வீசினால் விரிசல் முறிவாகும்.

2024 மார்ச் 30 அன்று லக்னோவுக்காக மயங்க் யாதவ் தன் முதல் ஐ.பி.எல். ஆட்டத்திலேயே 155.8 கிலோமீட்டர் வேகத்தில் வீசினார். அடுத்த ஆட்டத்தில் 156.7. 20 லட்சம் விலைக்கு வந்த பையன். அந்த சீசனில் 4 ஆட்டம் ஆடியதும் உடம்பு நின்றுவிட்டது. அக்டோபரில் இந்தியாவுக்காக ஆடினார். லக்னோ 11 கோடி கொடுத்து அவரைத் தக்கவைத்தது. 2025-ல் மறுபடி காயம், 2 ஆட்டம். அவருடைய திறமையை எவரும் சந்தேகிக்கவில்லை. உடம்பு எத்தனை ஓவர் தாங்கும் என்பதுதான் எவராலும் சொல்ல முடியாதது. டிரேட் பேசும் அணி கேட்க வேண்டிய முதல் ஆவணம் விக்கெட் பட்டியலைவிட மருத்துவ அறிக்கைதான்.

புள்ளிவிவரம் பார்க்கவே வேண்டாமா என்றால், பார்க்கத்தான் வேண்டும். எங்கே, எப்போது, யாருக்கு வீசியது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டி.என்.பி.எல். நடப்பது பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில். குற்றாலத்தில் சாரல் விழும் அந்த நாட்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நெல்லைச் சீமையில் சுழற்றி அடிக்கும். காற்றோடு ஓடிவந்து வீசுபவனுக்கும் காற்றை எதிர்த்து வீசுபவனுக்கும் ஸ்கோர்கார்டில் ஒரே கட்டம்தான். அனுபவமுள்ள கேப்டன் சிக்ஸர் போகாத பக்கத்தை மூத்தவருக்குக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தை இளையவன் தலையில் கட்டுவதும் உண்டு. அந்த 28 ஓவரை வைத்துப் பையனை எடைபோடுபவர் இதையெல்லாம் நேரில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

2023 இறுதிப் போட்டியே இதற்கு உதாரணம். 33 ரன் ஓவர் நடந்த அதே சங்கர் நகரில் இரண்டு நாள் கழித்து, ஜூலை 12 அன்று, கோவை கிங்ஸ் 205 ரன் குவித்து நெல்லையை 101-ல் சுருட்டியது. கோவையின் இளம் லெக் ஸ்பின்னர் ஜாதவேத் சுப்ரமணியன் 4 விக்கெட் எடுத்தார். டிசம்பரில் ஹைதராபாத் அவரை ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சத்துக்கு எடுத்தது. ஒரே வாரம், ஒரே மைதானம். ஓர் இளைஞருக்கு ஓர் ஓவர் தழும்பானது. இன்னொருவருக்கு 4 விக்கெட் வாசல் திறந்தது. இரண்டையுமே அளவுக்கு மீறி நம்பக் கூடாது.

நம்பத்தகுந்தவை எவை? ஒரே ஆக்‌ஷனில் நூறு பந்தும் வருகிறதா என்பது ஒன்று. முதல் ஆயுதம் எடுபடாத நாளில் கையில் வேறு பந்து இருக்கிறதா என்பது இன்னொன்று. மார்க்கண்டேவின் கூக்ளியை முதல் சீசனில் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. இரண்டாவது சீசனுக்குள் எல்லா அணிகளின் கணினியிலும் அது இருந்தது. நடராஜனிடம் யார்க்கரோடு வேகம் குறைத்துப் போடும் பந்தும் இருந்தது. அடிவாங்கிய மறுநாள் எப்படி வீசுகிறான் என்பதும் முக்கியம். அதைப் பார்க்க அவனை மறுநாள் ஆடவிட வேண்டும், அதுதான் பலருக்கும் கிடைப்பதில்லை. இவற்றோடு காலமும் சேர வேண்டும். நடராஜன், வருண், சாய் கிஷோர், சித்தார்த் நால்வரில் ஒருவர்கூட முதல் அணியில் தேறவில்லை. டிரேட் முடிந்து ஓராண்டுக்குள் "லாபம், நஷ்டம்" என்று தீர்ப்பு எழுதுபவர்களின் தீர்ப்பை அந்த நால்வரின் பெயரைச் சொல்லியே தள்ளிவிடலாம்.

இதில் திருநெல்வேலி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இங்கே வேகமாக வீசும் ஒரு பதினாறு வயதுப் பையன் காலையில் பள்ளி அணிக்கு வீசுகிறான். வார இறுதியில் மாவட்ட அணிக்கு. கோடையில் ஊர் டோர்னமெண்டில் டென்னிஸ் பந்து எறிகிறான், பரிசுத்தொகை இருந்தால் ஒரே நாளில் மூன்று ஆட்டம்கூட. ஒவ்வோர் அணியும் தனக்கு அவன் வீசிய ஓவரை மட்டும் பார்க்கிறது. மொத்தம் எத்தனை என்று சேர்த்துக் கூட்டுபவர் பல இடங்களில் யாரும் இல்லை. இங்கிலாந்தில் வயது வாரியாக ஒரு நாளைக்கு இத்தனை ஓவர்தான் என்று வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பையன்களுக்கு அதற்கு முந்தைய வேலையே பாக்கி இருக்கிறது.

உடற்கல்வி ஆசிரியர்களும் கிளப் நடத்துபவர்களும் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக்கொடுங்கள். தேதி, எந்த அணிக்கு, எந்தப் பந்து, எத்தனை ஓவர், மறுநாள் முதுகில் வலி இருந்ததா என்று அவனே எழுதட்டும். அணி மாறும்போது அதையும் கையில் கொண்டுபோகட்டும். பெற்றோர்களே, மகன் எத்தனை விக்கெட் எடுத்தான் என்று கேட்கும்போது எத்தனை ஓவர் போட்டான் என்பதையும் கேளுங்கள். டி.என்.பி.எல். தேர்வாளர் அவனைப் பார்க்க வரும் நாளில், 168 பந்தின் கணக்கைவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் சொல்லும்.